சன்னம் போய்ச் சேரும் இடம்

ஸ்ட்ரோம்மனில் செப்டெம்பர் பிறந்ததும் வேலையிடத்துக் கோப்பி இடைவேளையில் பேச்சு மாறிவிடும். கோடை முழுக்கப் படகு, மலைக்குடில், பிள்ளைகளின் உதைபந்தாட்டம் என்று பேசியவர்கள் எல்க் என்ற பெரிய மானைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். யாருக்கு எத்தனை நாள் விடுமுறை, எந்தக் காட்டில் தடம் கண்டார்கள், யாருடைய நாய்க்கு வயதாகிவிட்டது என்று பேச்சு நீளும். ஒஸ்லோவுக்குக் கிழக்கே, 1873இல் தொடங்கிய ரயில் பெட்டிப் பட்டறையால் வளர்ந்த ஊர் இது. இன்று பெரிய அங்காடி வளாகத்தால் பெயர் சொல்லப்படுகிறது. ஆனால் தெற்கே கொஞ்சத் தூரம் போனால் ஏஸ்ட்மார்க்கா காடு. அங்கே எல்க் உண்டு, ஓநாயும் உண்டு.

நோர்வேயில் ஆண்டுதோறும் பல்லாயிரம் எல்க் வேட்டையாடப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை கன்று, எத்தனை பெண், எத்தனை ஆண் என்று உள்ளூராட்சியும் நிலச் சொந்தக்காரர்களும் முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் இளம் பைன் மரங்கள் அழியும், வீதியில் கார்கள் மோதும். ஆகவே இங்கே வேட்டை என்பது காட்டைப் பராமரிக்கும் வேலையின் ஒரு பகுதி. அந்த இறைச்சிதான் பல குடும்பங்களின் குளிர்காலச் சாப்பாடு.

நான் எண்பதுகளின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்தவன். வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுத் தெற்கே இறங்கி ஸ்ட்ரோம்மனில் வேர்விட்டவன். வேட்டை எனக்குப் புதிதல்ல. இலங்கையில், நெடுங்கேணிப் பக்கம் என் பெரியப்பா இடியன் துவக்கு வைத்திருந்தார். குழலின் வாயால் மருந்தை இட்டு, தேங்காய்த் தும்பை இடித்து அடைத்து, மேலே ஈயக் குண்டுகளைப் போடுவார். பரணில் இரவெல்லாம் இருந்து, பன்றி பக்கத்தில் வந்த பிறகுதான் சுடுவார். தூரத்தில் நிற்பதைப் பார்த்து நான் துள்ளினால், "பொறடா, அது வரட்டும். எட்டத்தில சுட்டா அது சாகாது, நோகத்தான் செய்யும்" என்பார். சன்னத்தைப் பற்றி நான் கேட்ட முதல் பாடம் அதுதான். பிறகு போர் வந்தது. துவக்கு என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிட்டது.

அதனால், வேலையிடத்து நண்பர் தங்கள் எல்க் அணியில் சேரும்படி என்னைக் கேட்டபோது வீட்டில் பெரிய பேச்சு எழுந்தது. "அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீங்கள் துவக்கு வாங்கப் போறியளோ?" என்று மனைவி கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைப்பது, பிள்ளைகள் வளரும் வரை அதைப்பற்றி வீட்டில் பேசாமல் இருப்பது என்று அவர் நிபந்தனைகள் வைத்தார். நான் ஒத்துக்கொண்டேன். காடும் குளிரும் நெருப்பும் அந்த மனிதர்களின் கூட்டும் எனக்கு வேண்டியிருந்தன. இந்த மண்ணில் நான் விருந்தாளி இல்லை என்று உணர அது ஒரு வழியாக இருந்தது.

வேட்டைக்காரர் தேர்வு 1986 முதல் இந்த நாட்டில் கட்டாயம். அதற்கான வகுப்பில் துவக்கின் பாதுகாப்பு, விலங்குகள், சட்டம், இறைச்சியைக் கையாளுதல் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். என்னை அடியோடு உலுக்கியது தோட்டா பற்றிய பாடம். ஆசிரியர் மேசையில் இரண்டு சன்னங்களை வைத்தார். ஒன்று முனை வரை கெட்டியான உறை மூடியது, போர்ப்படைகள் பயன்படுத்துவது. மற்றது முனையில் ஈயம் தெரிவது, உடலில் பட்டதும் விரிவது. பெரிய விலங்குகளுக்கு விரியும் சன்னம்தான் சட்டப்படி செல்லும் என்றார்.

விரியும் சன்னத்தின் கதை நம் பக்கத்தில் தொடங்குகிறது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச் சாலையில் 1890களில் பிரிட்டிஷார் அப்படியான சன்னங்களைச் செய்தார்கள். அவற்றின் காயம் மிகக் கொடியது என்று 1899இல் ஹேக் மாநாடு போரில் அவற்றைத் தடைசெய்தது. மனிதரின் மீது எதைப் பாய்ச்சக்கூடாது என்று உலகம் விலக்கியதோ, விலங்கின் மீது அதைத்தான் பாய்ச்ச வேண்டும் என்று வேட்டைச் சட்டம் சொல்கிறது. முதலில் எனக்கு இது முரணாகப்பட்டது. யோசித்தபோது புரிந்தது. போர்ச் சன்னம் ஒடுங்கிய துளையிட்டுக் கடந்து போகலாம். அடிபட்டவர் பிழைக்க வாய்ப்புண்டு. சன்னத்தை உடம்புக்குள் வைத்துக்கொண்டே வாழ்கிற ஆட்கள் எங்கள் சனத்தில் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களே இருக்கிறார்கள். வேட்டையில் அந்த அரைகுறைக் காயம்தான் பெரும் கொடுமை. விலங்குக்கு மருத்துவர் இல்லை. விரைவாகச் செத்தால் மட்டுமே அதன் வேதனை முடியும். அந்த நாளிலிருந்து சன்னம் தெரிவு செய்வதை நான் கடைச் சாமான் வாங்கும் விஷயமாகப் பார்த்ததில்லை.

நோர்வேச் சட்டம் இதை எண்களாகவே எழுதி வைத்திருக்கிறது. எல்க், செம்மான், காட்டு ரெயின்டியர் போன்றவற்றுக்குச் சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்க வேண்டும். 9 முதல் 10 கிராம் வரை என்றால், 100 மீட்டர் தூரத்தில் அதன் ஆற்றல் 2,700 ஜூலுக்குக் குறையக்கூடாது. 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2,200 ஜூல் போதும். சின்ன மானான ரோ மானுக்கு 980 ஜூல். வகுப்பில் பலர் இதை மனப்பாடம் செய்துவிட்டு மறந்தார்கள். நான் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9 கிராமுக்குச் சற்று மேற்பட்ட சன்னம் 2,700 ஜூலை எட்ட, 100 மீட்டரில் அது விநாடிக்கு 770 மீட்டர் வேகத்தில் பறக்க வேண்டும். 10.1 கிராம் சன்னத்துக்கு விநாடிக்கு 660 மீட்டர் போதும். எடை குறைந்தால் வேகத்தால் ஈடுகட்டு, எடை இருந்தால் அதன் உந்தமே உள்ளே போகும் என்பது இதன் பொருள். 1894இல் நோர்வேப் படை கிராக்-யோர்கன்சன் துவக்குக்காக ஏற்றுக்கொண்ட 6.5×55 தோட்டா இன்றும் எல்க் காட்டில் செல்லுபடியாவது இதனால்தான். அதன் பழைய எடையும் 10.1 கிராம்தான்.

என் முதல் துவக்கு .308 வின்செஸ்டர். கடையில் தோட்டாப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நான் நீண்ட நேரம் நின்றேன். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் சுவீடனின் ஒமோட்ஃபோர்ஸ் ஊரில் 1902இல் நோர்மா நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் எங்கர் என்ற நோர்வேச் சகோதரர்கள். அமெரிக்கரான ஜான் நாஸ்லர் 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு பூசி நின்ற பெரிய எல்க்கை (அங்கே மூஸ் என்பார்கள்) சுட்டபோது சன்னங்கள் மேலேயே சிதறி, உள்ளே போகவில்லை. அவர் இரண்டு அறைகளும் நடுவே ஒரு சுவரும் கொண்ட சன்னத்தை உருவாக்கினார். முன்னறை விரியும், பின்னறை கட்டுக்குலையாமல் உள்ளே போகும். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. பிறகு ஈயத்தை உறையோடு பற்றவைத்த சன்னங்கள் வந்தன. அதற்கும் பிறகு, ஈயமே இல்லாத முழுச் செம்புச் சன்னங்கள் வந்தன. பட்டதும் அவற்றின் முனை செவ்வரத்தம்பூப் போல நாலைந்து இதழாக மலர்ந்து, எடையை இழக்காமல் ஊடுருவும்.

எல்லாப் புதுமைகளும் ஒரே சிக்கலைத்தான் தீர்க்கப் பார்த்தன. சன்னம் விரியவும் வேண்டும், உடையாமலும் இருக்க வேண்டும். துவக்கின் வாயில் விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் சன்னம், 30 மீட்டரில் எலும்பைச் சந்தித்தால் அந்த வேகத்தைத் தாங்க வேண்டும். அதே சன்னம் 300 மீட்டரில் 570 மீட்டராக வேகம் குறைந்து போய்ச் சேரும்போதும் விரிய வேண்டும். மெதுவான வேகத்தில் விரியும்படி மென்மையாகச் செய்தால் கிட்டத்தில் சிதறும். கிட்டத்துக்காகக் கெட்டியாகச் செய்தால் எட்டத்தில் விரியாமல், போர்ச் சன்னம் போல ஊசித்துளை போட்டுப் போய்விடும். நெடுந்தூர வேட்டைக்கு எந்தச் சன்னம் என்ற கேள்வியின் கரு இதுதான்.

காட்டில் எங்கள் அணிக்கு இந்தக் கேள்வி எழுவதே குறைவு. பிர்ச் மரங்களுக்கும் தளிர்ப் பைன்களுக்கும் இடையே நாய் குரைத்து எல்க்கை நகர்த்தும். இடத்தில் நிற்பவருக்கு அது 40, 60 மீட்டரில் தெரியும். எங்கள் ஊர் மரையைவிட மிகப் பெரிய உடம்பு அது. ஆண் எல்க் 400 கிலோவைத் தாண்டும். நுரையீரலில் சன்னம் சரியாகப் பட்டாலும் சில பத்து மீட்டர் ஓடித்தான் விழும். உடல் பெரிதானால் உயிர் பிரிய நேரமும் கூடும். ஆகவே உடனே விழவில்லை என்பதற்காகச் சன்னத்தைக் குறை சொல்லக்கூடாது என்று அணித் தலைவர் சொல்லித் தந்தார். தோள் எலும்புக்குச் சற்றுப் பின்னால், கீழ்ப்பாதியில் குறி. விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். காயத்தோடு ஓடினால் தேட, பயிற்சி பெற்ற நாய் ஏற்பாடாகியிருக்க வேண்டும். இதுவும் சட்டம்.

என் சன்னத்தை மாற்றியது காடு அல்ல, இறைச்சி வெட்டும் கொட்டில். தோலுரித்த எல்க் தொங்கும்போது காயத்தைச் சுற்றிக் கருஞ்சிவப்பாகக் கலங்கிய சதையை வெட்டி எறிவோம். ஒருமுறை அந்தக் கலங்கிய வட்டத்துக்கு வெளியே, நல்ல இறைச்சி என்று நாங்கள் நினைத்த இடத்தில், கத்தி ஒரு சின்ன ஈயத் துணுக்கில் உரசியது. கையில் எடுத்துப் பார்த்தேன், கடுகளவுதான் இருந்தது. அந்த இறைச்சியில் என் பங்கு ஸ்ட்ரோம்மனில் என் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது. நோர்வேயின் உணவுப் பாதுகாப்பு அறிவியல் குழு 2013இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. ஈயச் சன்னம் உடம்புக்குள் துகளாகிப் பரவும், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்துக்கு அப்பாலும் இருக்கும், வளரும் குழந்தைகளின் மூளைக்கு ஈயம் தீங்கு என்பதால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டே நான் செம்புக்கு மாறினேன்.

அணியில் மூத்தவர்கள் தயங்கினார்கள். செம்பு விரியாது, விலங்கு தூரம் ஓடும் என்றார்கள். அவர்களுடைய தயக்கம் விலங்கின் மீதான கரிசனையில் பிறந்தது என்பதால் நான் அதை மதித்தேன். பிறகு நோர்வே இயற்கை ஆய்வு நிறுவனத்தின் சிக்பியோர்ன் ஸ்டொக்கேயும் அவருடைய சக ஆய்வாளர்களும், நோர்டிக் நாடுகளில் வேட்டையாடப்பட்ட ஆயிரக்கணக்கான எல்க்குகளின் விவரங்களைத் திரட்டி, 2019இல் 'ஆம்பியோ' இதழில் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். அடிபட்ட பின் விலங்கு ஓடிய தூரத்தில் செம்புக்கும் ஈயத்துக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றது அது. எங்கள் கொட்டிலில் நாங்கள் கண்டதும் அதுவே.

ஆனால் செம்பு தன் நிபந்தனையோடுதான் வருகிறது. ஈயத்தைவிட அது இலேசான உலோகம். ஒரே எடைக்குச் சன்னம் நீளமாகிறது, சில துவக்குகளில் நிலையாகச் சுழல மறுக்கிறது. முக்கியமாக, ஈயத்தைவிடக் கடினமானதால் விரிவதற்குக் கூடுதல் வேகம் கேட்கிறது. பொதுவாக விநாடிக்கு 550, 600 மீட்டருக்குக் கீழே போனால் அதை நம்ப முடியாது. காட்டில் இது பிரச்சினையே இல்லை. ஹார்டாங்கர்வித்தாவில் பிரச்சினை.

தென் நோர்வேயில் சுமார் 8,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் மரமில்லாத மேட்டுநிலம் அது. ஐரோப்பாவின் மிகப் பெரிய காட்டு ரெயின்டியர் மந்தைகளில் ஒன்று அங்கே திரிகிறது. 2016 ஓகஸ்டில் ஒரே இடி மின்னலில் 323 ரெயின்டியர்கள் செத்து விழுந்த செய்தியை உலகமே பார்த்தது. ஒளிந்து நிற்க மரமில்லை. மந்தை காற்றை முகர்ந்தபடி நகர்ந்துகொண்டே இருக்கும். அணியில் ஒருவரின் அழைப்பில் நான் அங்கே போனபோது, காலை முழுவதும் கற்களுக்கிடையே தவழ்ந்து முன்னேறியும் மந்தைக்கும் எங்களுக்கும் இடையே 300 மீட்டருக்கு மேல் இருந்தது. தொலைநோக்கிக்குள் ஒரு கிடா அழகாகப் பக்கவாட்டில் நின்றது. கூட வந்த முதியவர் தன் துவக்கைக் கீழே வைத்துவிட்டுப் புல்லைப் பிய்த்துக் காற்றில் விட்டார். எழுந்து, சுற்றிப் போகலாம் என்று கைகாட்டினார். அன்று நாங்கள் சுடவே இல்லை.

அன்றிரவு குடிலில் என் சன்னத்தின் அட்டவணையை விரித்து அவர் எனக்கு வாசிக்கக் கற்றுத் தந்தார். நான் அதுவரை இடது பக்கத்திலிருந்து, துவக்கின் வாயிலிருந்து வாசித்தேன். அவர் வலது பக்கத்திலிருந்து, விலங்கு நிற்கும் இடத்திலிருந்து வாசித்தார். என் 11 கிராம் செம்பு 300 மீட்டரில் விநாடிக்கு 570 மீட்டர், விரியலாம், விரியாமலும் விடலாம். 100 மீட்டருக்குச் சரிசெய்த குறியிலிருந்து அரை மீட்டர் கீழே விழும். அதைக் கணக்கிட்டு ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் விநாடிக்கு 5 மீட்டர் குறுக்குக் காற்று, அந்த மேட்டில் அது வெறும் இளங்காற்று, சன்னத்தை 30 சென்ரிமீட்டர் தள்ளிவிடும். ஆண்டுதோறும் சுடுதேர்வில் 100 மீட்டரில் ஐந்து சூட்டையும் போட வேண்டிய வட்டத்தின் அரைவிட்டமே 15 சென்ரிமீட்டர்தான். இன்னொன்றும் சொன்னார். சன்னம் போய்ச் சேர 0.4 விநாடிக்கு மேல் ஆகும், அதற்குள் நடக்கத் தொடங்கிய ரெயின்டியர் அரை மீட்டர் நகர்ந்துவிடும். நெஞ்சைக் குறிவைத்தது வயிற்றில் படும். அதற்கு எந்தச் சன்னத்திலும் மருந்து இல்லை. 200 மீட்டரில் அதே காற்று 15 சென்ரிமீட்டருக்குள் அடங்குகிறது, வேகமும் 640இல் நிற்கிறது. என் எல்லையை நான் அன்று அந்தக் கோட்டில் வைத்தேன். காற்றிருந்தால் அதற்கும் உள்ளே.

இப்போது என் அக்காவின் மகனுக்கு வேட்டைப் பருவம் வந்திருக்கிறது. இங்கே பிறந்தவன், நல்ல பிள்ளை. "மாமா, 600 மீட்டருக்கு எந்தச் சன்னம் திறம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கு நெடுந்தூரச் சன்னங்களின் தொழில்நுட்பம் எல்லாம் தெரியும். 2015இல் ஹோர்னடி நிறுவனம், நீண்ட பறப்பின் வெப்பத்தில் பிளாஸ்டிக் முனைகள் உருகி உருமாறுவதை ராடாரில் கண்டு, வெப்பம் தாங்கும் முனை வைத்ததை எனக்கே விளக்கினான். அந்தப் பொறியியலை நான் குறைத்துப் பேசவில்லை. ஒல்லியாகவும் கனமாகவும் வளர்ந்த சன்னங்கள் காற்றைக் குறைவாகவே கேட்கின்றன, வேகத்தைக் காக்கின்றன. 200 மீட்டரில் சுடுபவனுக்கும் அது நன்மையே. ஆனால் காற்று எப்போது திரும்பும் என்பதையும் மான் எப்போது அடியெடுத்து வைக்கும் என்பதையும் எந்த நிறுவனமும் சன்னத்துக்குள் வைத்து விற்க முடியாது.

அவனுக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் எந்த விலங்கு, அதன் எந்த எலும்பைச் சன்னம் கடக்க நேரலாம் என்று பார். அடுத்து, சட்டத்தின் எடையும் ஆற்றலும். அடுத்து, அந்தச் சன்னம் விரிய என்ன வேகம் வேண்டும் என்று செய்தவர்கள் சொல்வதைப் படித்து, உன் துவக்கில் எந்தத் தூரத்தில் அந்த வேகம் தீர்கிறது என்று அளந்து பார். அதன் பிறகு, மூச்சு வாங்க மலையேறி வந்து, முழங்காலில் இருந்து, எந்தத் தூரம் வரை நீ அந்த 30 சென்ரிமீட்டர் வட்டத்தை ஒருமுறையும் தவறாமல் அடிக்கிறாய் என்று பார். இந்த இரண்டு தூரங்களில் எது சிறியதோ அதுதான் உன் எல்லை. இறைச்சியை யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசி.

அவன் நெடுந்தூரத்துக்கென்று மக்னம் துவக்குக்குச் சேர்த்த பணத்தில் .308 ஒன்றும், மிச்சத்துக்குப் பயிற்சித் தோட்டாக்களும் வாங்கினான். வசந்தம் முழுவதும் மாலைகளில் சுடுதளத்துக்குப் போனான். சட்டம் கேட்கும் 30 பயிற்சிச் சூடுகளோடு நிறுத்தவில்லை. இப்போதைக்குத் தன் எல்லை 120 மீட்டர் என்று அவனாகவே அணியில் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அணித் தலைவர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, காடு அடர்ந்த இடமாகப் பார்த்து அவனை நிறுத்தினார். பெரியப்பா பரணில் எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொல்லியிருக்கிறேன். எட்டத்தில் நிற்கும் விலங்கிடம் சன்னத்தை அனுப்புவதைவிட, நாம் கிட்டப் போகப் பழகுவதுதான் வேட்டை.